குளிர் ஊரில் சூடேறும் பெட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன், தை மாதத்து இரவு ஒன்றில், வெளியே புல்வெளி உறைபனியில் வெளுக்கத் தொடங்கியிருந்த நேரத்தில், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த படத்தின் ஒலி சட்டென்று நின்றது. படத்தின் ஒலியைப் பிரித்து, பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவர் பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது. மின்சாரக் கோளாறு என்று நினைத்து அலமாரிக் கதவைத் திறந்தேன். தோசைக்கல்லுக்கு மேலே கையை நீட்டினால் உள்ளங்கையில் படுமே, அப்படியொரு அனல் முகத்தில் அடித்தது. கூடத்தில் நாங்கள் ஸ்வெட்டரும் குல்லாவும் அணிந்து உட்கார்ந்திருந்தோம். எட்டடி தள்ளி, மூடிய கதவுக்குப் பின்னால், அந்தப் பெட்டி வெந்துகொண்டிருந்தது.

அரை மணி நேரம் கழித்து அது மீண்டும் இயங்கியதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பின் மாதத்திற்கு ஒரு முறையோ இரு முறையோ அப்படி நின்றது; ஓராண்டுக்குள் ஒருநாள் படம் முற்றிலும் போய்விட்டது. ஒலி வந்தது, திரையில் ஒன்றும் இல்லை. கோவைக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். மேல்மூடியைக் கழற்றி, படத்தையும் ஒலியையும் கடத்தும் எச்.டி.எம்.ஐ. பலகையைச் சுற்றிலும் பழுப்பேறியிருந்ததைக் காட்டி, “எந்த ஊர் சார்?” என்று கேட்டார். ஊட்டி என்றேன். “ஊட்டிப் பெட்டியா இது? சூட்டுலதான் போயிருக்கு” என்றார். அவர் முகத்தில் தெரிந்த வியப்பு எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. பிறகு இந்த விஷயத்தை முறையாகக் கற்றுக்கொள்ள அதுவே காரணமாகவும் அமைந்தது.

நீலகிரியில் வாழும் நமக்குச் சூடு ஒரு எதிரியாகவே தோன்றுவதில்லை. நம் அன்றாடக் கவலையெல்லாம் குளிரும் ஈரமும் பூஞ்சையும்தான். எதையும் மூடி வை, எதையும் போர்த்தி வை என்பதே இங்குள்ள வீட்டு வழக்கம். எங்கள் ரிசீவர் இருந்தது தடித்த கருங்கல் சுவருக்குள்ளேயே அமைந்த பழைய அலமாரியில்; அதற்குச் சில்வர் ஓக் பலகையில் நன்றாகப் பொருந்தி மூடும் கதவு. ரிசீவரின் மேல் செட்டாப் பாக்ஸ்; அதற்கும் மேலே அம்மா பின்னிய குரோஷா விரிப்பு. “பனி இறங்குதுடா, மேல ஏதாவது போட்டு வை” என்று அம்மா சொன்னதில் தவறு காண எனக்கு அப்போது அறிவு போதவில்லை. பற்றாக்குறைக்கு, கதவு சற்றே திறந்திருக்கும் நாள்களில் எங்கள் வீட்டுப் பூனையும் உள்ளே ஏறி, வெதுவெதுப்பான அந்த மேல்மூடியின் மீது சுருண்டு படுத்துக்கொள்ளும். கோவையில் மூடியைத் திறந்தபோது, சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட் சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் பூனை முடியும் கணப்புக் கரியும் சேர்ந்து, கம்பளி நெய்தது போல ஒரு படலம் படிந்திருந்தது. பழுது பார்ப்பவர் அதை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஓர் ஓரத்தில் நெம்பினார்; தோல் உரிவது போல ஒரே துண்டாக வந்தது.

ஒரு ரிசீவர் ஏன் இவ்வளவு சூடாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதில் ஒரு தவறான கணக்கைப் போட்டுக்கொள்கிறார்கள். ஒலியைக் குறைத்து வைத்தால் சூடும் குறைந்துவிடும் என்பதே அந்தக் கணக்கு. பெரும்பாலான ரிசீவர்களில் உள்ள ஆம்ப்ளிஃபையர், அதாவது ஒலியைப் பெருக்கும் பகுதி, ஏபி வகுப்பு எனப்படும் வகையைச் சேர்ந்தது. அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்க, கைமாறும் இடத்தில் ஒலி உடையாமல் இருப்பதற்காக இரண்டிலுமே எப்போதும் சிறிதளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்படி அமைத்திருப்பார்கள். பாட்டே இல்லாவிட்டாலும் அந்த மின்னோட்டம் ஓடும், வெப்பமாக மாறும். ஏழு சேனல் ரிசீவர் என்றால் ஏழு ஜோடிகள். இவற்றோடு டிரான்ஸ்ஃபார்மரின் சூடு, ஒலியைப் பிரித்துக் கணக்கிடும் சிப்புகளின் சூடு, எச்.டி.எம்.ஐ. பலகையின் சூடு எல்லாம் சேர்கின்றன.

பிளக்கில் செருகிப் பார்க்கும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி நானே அளந்தேன். ரிசீவரை இயக்கி, எதையும் ஓட்டாமல் சும்மா வைத்திருந்தபோது 62 வாட். வழக்கமாக நாங்கள் வைக்கும் ஒலியளவில் ஒரு படத்தை ஓட்டியபோது 85க்கும் 95க்கும் இடையில். நடுத்தரமான கூடத்தில், பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவு ஒலிக்கு, ஸ்பீக்கர்கள் எல்லாம் சேர்ந்து சராசரியாக எடுத்துக்கொள்வது ஓரிரு வாட்டுக்கு மேல் போவது அரிது. வெடிச்சத்தம் வரும் நொடிகளில் மட்டும் அது எகிறும். எஞ்சியது முழுவதும் வெப்பம். அதாவது, மூடிய அலமாரிக்குள் மூன்று மணி நேரம் ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டதற்கும், நாங்கள் படம் பார்த்ததற்கும் வெப்பக் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. ஒலியைப் பாதியாகக் குறைத்தாலும் அந்த 62 வாட் இருந்த இடத்திலேயே இருக்கும். டிரான்சிஸ்டர்களை மிக வேகமாகத் திறந்து மூடி இயங்கும் டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர்கள் இந்த விஷயத்தில் மிகச் சிக்கனமானவை. ஆனால் வீட்டில் இருப்பது ஏபி வகுப்பு என்றால் அதற்கு ஏற்ற வழியைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய செய்தி. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை வேகவைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது இங்குள்ள ஒவ்வொரு சமையலறைக்கும் தெரியும். அதே மெல்லிய காற்றுதான் ரிசீவரையும் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. சமவெளிக் காற்றோடு ஒப்பிட்டால் இங்கு ஒரு லிட்டர் காற்றின் எடை ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைவு. ஒரே அளவு காற்று ஓடினாலும் அது சுமந்து செல்லும் வெப்பம் அந்த அளவுக்குக் குறைகிறது. மின்னணுக் கருவிகள் பலவற்றின் கையேட்டில் 2,000 மீட்டருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். காற்று மெலியும்போது குளிர்விக்கும் திறன் மட்டுமல்லாமல், உயர் மின்னழுத்தப் பகுதிகளுக்கு இடையே அது தரும் காப்பும் குறைகிறது என்பதே அந்த வரிக்குக் காரணம். உதகையும் கொடைக்கானலும் அந்த எல்லைக்கு மேலே இருக்கும் ஊர்கள்.

இதைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. மின்விசிறி இல்லாமல், சூடான காற்று தானே மேலெழும் முறையில் இயங்கும் ஹீட் சிங்குக்கு, இந்த உயரத்தால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். சமவெளியில் அறையின் வெப்பத்தைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடேறும் ஒரு பாகம் இங்கே 44, 45 டிகிரி கூடுதலாகச் சூடேறும். சென்னையில் அறை 32 டிகிரி என்றால் அந்தப் பாகம் 72. இங்கே அறை 17 டிகிரி என்பதால் அது 62க்குள் நின்றுவிடும். ஆகவே திறந்த இடத்தில் வைத்த ரிசீவருக்கு மலை நல்ல இடமே. அந்த நன்மையைக் கதவை மூடி நாமே அழித்துவிடுகிறோம். கூடம் 17 டிகிரியில் இருந்தபோது, இரண்டு மணி நேரப் படத்திற்குப் பின் என் அலமாரிக்குள் காற்று 44 டிகிரி. ரிசீவருக்கு நான் கொடுத்திருந்தது ஊட்டியின் குளிரை அல்ல, கத்திரி வெயிலில் தகர ஷெட்டின் சூட்டை. அதுவும் மெல்லிய காற்றோடு.

வெப்பத்தின் விளைவு உடனே தெரியாது என்பதுதான் இதில் வருத்தமான செய்தி. மின்வழங்கிப் பகுதியில் உள்ள மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் மேலுறையில் 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். அந்த வெப்பத்தில் 2,000 மணி நேரம் தாங்கும் என்பது பொதுவாகக் காணப்படும் ஒரு தரம். வெப்பம் 10 டிகிரி குறையும் ஒவ்வொரு முறையும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது இத்துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. 85 டிகிரியில் 8,000 மணி நேரம், 65 டிகிரியில் 32,000 மணி நேரம். நாளுக்கு மூன்று மணி நேரம் பயன்படுத்துபவருக்கு முதலாவது ஏழு ஆண்டு, இரண்டாவது ஏறத்தாழ முப்பது ஆண்டு. இருபது டிகிரி வேறுபாட்டில் ஒரு பெட்டியின் வாழ்நாள் நான்கு மடங்கு மாறுகிறது. சிப்புகளின் அடியில் உள்ள ஈயப் பற்றுகளோ தினமும் சூடேறிக் குளிர்ந்து, விரிந்து சுருங்கி, ஒருநாள் முடியளவு விரிசல் விடுகின்றன. குளிர் ஊரில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரியது: காலையில் 8 டிகிரியில் கிடக்கும் பலகை இரவில் 70 டிகிரியைத் தொடுகிறது.

பழுது பார்த்து வந்த ரிசீவரை உடனே அலமாரிக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் திறந்த மேசையில் வைத்தால் கணப்பின் புகையும் பூனையும் இருக்கின்றன. எனவே அலமாரியைத் திருத்துவது என்று முடிவு செய்து, எங்கள் தெருவில் வேலை செய்யும் ஆசாரியை அழைத்தேன். கதவின் கீழ்ப்பகுதியிலும், மேலே கூரைப் பலகையிலும் துளை போட வேண்டும் என்றதும் அவர் பலகையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “அம்பது வருசப் பலகை தம்பி, இதுலயா ஓட்டை போடச் சொல்றீங்க?” என்றார். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஊதுவத்தி ஒன்றைப் பற்றவைத்து, இயங்கும் ரிசீவருக்கு மேலே, கதவைச் சிறிதளவு திறந்த இடுக்கில் பிடித்துக் காட்டினேன். மேல் இடுக்கில் புகை வெளியே பாய்ந்தது. கீழ் இடுக்கில் அதே புகை உள்ளே இழுபட்டது. அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. “அப்ப கீழ ஒண்ணு, மேல ஒண்ணு, ரெண்டும் ஒரே அளவா இருக்கணும்” என்று அவரே சொன்னார். பல கட்டுரைகள் பக்கம் பக்கமாக விளக்குவது இந்த ஒரு வரியைத்தான். மேலே மட்டும் துளை போட்டுக் கீழே அடைத்து வைத்தால், வெளியேறும் காற்றுக்கு ஈடான காற்று உள்ளே வர வழியில்லை. விசிறி வைத்தாலும் அது வீணாகச் சுற்றும்.

கதவின் அடியில் இரண்டு கை அகலத்திற்கு நீள்துளையும், மேற்பலகையில் பின்பக்கமாக 120 மில்லிமீட்டர் வட்டமும் அறுத்தோம். விசிறி வைக்காமலேயே, அதே படத்தை அதே ஒலியில் ஓட்டியபோது, உள்ளே 29 டிகிரி வரைதான் ஏறியது. 44 எங்கே, 29 எங்கே! செலவு ஆசாரியின் அரை நாள் கூலி.

அதன்பின் மேல் வட்டத்தில் கணினிக்குப் பயன்படுத்தும் 12 வோல்ட் விசிறி ஒன்றைப் பொருத்தினேன். எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 100 வாட் வெப்பத்தை, அலமாரிக் காற்று அறையைவிட 8 டிகிரிக்கு மேல் கூடாதபடி வெளியேற்ற, சமவெளியில் விநாடிக்குச் சுமார் 10 லிட்டர் காற்று ஓட வேண்டும். உதகையில் 13 லிட்டர். 120 மில்லிமீட்டர் விசிறிக்கு இது பெரிய வேலையல்ல. ஆகையால் அதை 7 வோல்ட்டில் மெதுவாகச் சுற்றவிட்டேன். படத்தில் மௌனமான காட்சி வரும்போதும் அதன் ஓசை கேட்பதில்லை. சிறிய விசிறியை வேகமாகச் சுற்றவிடுவதைவிடப் பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றவிடுவதே ஒலியை நேசிப்பவர்களுக்கு ஏற்றது. விசிறி காற்றை உள்ளே தள்ளும்படி அல்லாமல் வெளியே இழுக்கும்படி இருக்க வேண்டும், அதுவும் மேலே இருக்க வேண்டும். சூடான காற்று தானாகப் போக விரும்பும் திசையில் உதவுவதே நம் வேலை. வெப்பமானியோடு கூடிய தானியங்கி சுவிட்ச் ஒன்றைச் சேர்த்து, 34 டிகிரியில் விசிறி தொடங்கி 29 டிகிரியில் நிற்கும்படி அமைத்திருக்கிறேன். தனி அடாப்டரில் இயங்குவதால், படம் முடிந்து ரிசீவரை அணைத்த பின்னும், உள்ளே தேங்கிய சூடு தீரும் வரை அது சுற்றிவிட்டு நிற்கிறது. காற்று மழையில் மரம் விழுந்து மின்சாரம் போகும் இரவுகளில் மட்டும், எழுந்துபோய் அலமாரிக் கதவைத் திறந்துவிடுகிறேன்.

இரண்டு துளைகளிலும் துருப்பிடிக்காத கம்பி வலை அடித்திருக்கிறேன். பல்லிக்கும் எறும்புக்கும் இதமான சூடு எங்கே இருக்கிறது என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் நெருக்கமான வலை காற்றையும் தடுக்கும் என்பதால், துளையைக் கணக்கிட்டதைவிடச் சற்றுப் பெரிதாகவே வெட்ட வேண்டும். மாதத்திற்கு ஒருமுறை பழைய பல் துலக்கியால் வலையைத் தேய்த்துவிட வேண்டும்.

ரிசீவரின் அமைப்புகளிலேயே சூட்டைக் குறைக்கும் சில வழிகள் உண்டு. டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்கள் பலவற்றில் ஈகோ என்றொரு நிலை இருக்கிறது. குறைந்த ஒலியில் அது ஆம்ப்ளிஃபையருக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் குறைத்து வைக்கிறது. இரவில் மெதுவாகப் பார்ப்பவர்களுக்கு அது நல்ல பயன் தரும். ஸ்பீக்கர்களை ‘சிறியது’ என்று குறித்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை, அடித்தொனிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டால், அதிக ஆற்றல் கேட்கும் அடித்தொனியின் சுமை சப்வூஃபரின் சொந்த ஆம்ப்ளிஃபையருக்குப் போய்விடும். அணைத்த பிறகும் பெட்டி வெதுவெதுப்பாகவே இருக்கிறது என்றால், எச்.டி.எம்.ஐ. படத்தை அணைந்த நிலையிலும் கடத்தும் வசதி இயங்கிக்கொண்டிருக்கும்; தேவையில்லாதவர்கள் அதை நிறுத்திவிடலாம். ஸ்பீக்கரின் மின்தடையைக் குறிக்கும் ஓம் அளவை 4 அல்லது 6 என்று மாற்றும் அமைப்பைப் பற்றி நிறைய வாதங்கள் உண்டு. அது மின்னழுத்தத்தைக் குறைத்துச் சூட்டைக் குறைக்கிறது என்பது உண்மை. உரத்த காட்சிகளில் ஒலி சீக்கிரமே உடையும் என்பதும் உண்மை. காற்றுக்கு வழி செய்யாமல் இந்த அமைப்பைத் தொடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வைக்கும் முறையும் முக்கியம். மேலே குறைந்தது ஒரு சாண் இடைவெளி. அதன்மேல் வேறு எந்தப் பெட்டியும் கூடாது. கீழேயும் காற்றுத் துளைகள் இருப்பதால்தான் ரிசீவருக்குக் கால்கள் வைத்திருக்கிறார்கள். கம்பளத்தின் மீது வைத்தால் அந்தக் கால்கள் புதைந்து வழி அடைபடும். நம் வீடுகளில் தரையெங்கும் கம்பளம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இனி ஈரம். இதை ஒதுக்கிவிட்டுச் சூட்டை மட்டும் பேசும் அறிவுரைகள் நம் ஊருக்குப் போதா. என் அப்பா இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கேமராவும் பிலிம் சுருளும் இருந்த அலமாரியில் எப்போதும் ஒரு ஜீரோ வாட் பல்பு எரிந்துகொண்டிருக்கும். பெயர்தான் ஜீரோ, பத்து வாட்டுக்கு மேலேயே எடுக்கும் குண்டு பல்பு அது. அந்தச் சிறு வெதுவெதுப்பு போதும், லென்ஸில் பூஞ்சை பிடிக்காது. பிறகு எல்லோரும் எல்.இ.டி.க்கு மாறினோம். அரை வாட் எல்.இ.டி. வெளிச்சம் தந்தது, சூடு தரவில்லை. அடுத்த ஆடியிலேயே அலமாரித் துணிகளில் பூஞ்சை வாடை வந்தது. ஆகவே ரிசீவரின் சூட்டை முழுவதும் விரட்டிவிடுவது இங்கே நன்மையல்ல. காற்று சில டிகிரி வெதுவெதுப்பாக இருந்தால் ஈரம் உலோகத்தில் படியாது. விசிறியை 34 டிகிரி வரை தொடங்கவிடாமல் நான் வைத்திருப்பதற்கு இதுவும் காரணம். மழை மாதங்களில் படம் பார்க்காவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரம் ரிசீவரில் பாட்டு ஓடும்; அந்த நேரத்தில் பலகைகள் உலர்ந்துகொள்ளும்.

இன்னொன்று: சில நாள் ஊரில் இல்லாமல், குளிர்ந்து கிடந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, கணப்பு மூட்டி, அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, உடனே ரிசீவரை இயக்க வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து நிற்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியில் கோக்கும் நீர், சில்லிட்ட ரிசீவரின் உள்ளேயும் கோக்கும். வீடும் பெட்டியும் ஒரே வெப்பத்திற்கு வர இரண்டு மணி நேரம் விட்டு, பிறகு இயக்கலாம்.

கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பா வீட்டில், தொலைக்காட்சிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் இருக்கிறது. முன்னால் கண்ணாடி, பின்னால் முழுப் பலகை, நடுவில் ரிசீவர். பொங்கலுக்குப் போயிருந்தபோது வெப்பமானியை உள்ளே வைத்து, ஒரு மணி நேரத்தில் 41 டிகிரி வரை ஏறியதை அவருக்குக் காட்டினேன். நல்ல கண்ணாடி, எடுத்தால் அழகு போய்விடும் என்று அன்றைக்கு மறுத்துவிட்டார். நேற்று இரவு அவரே தொலைபேசியில் அழைத்தார். “படம் பாதியில நின்னு சிவப்பு லைட் மின்னுதுடா. கண்ணாடியக் கழட்டிட்டேன். பின்பலகைய அறுக்க என்னைக்கு வர்ற?” ஞாயிற்றுக்கிழமை காலை ஆசாரியையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை ரிசீவருக்கு மேலே இருக்கும் விரிப்பை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டதாகச் சித்தி சொன்னார்.